பரண் காலியாக இருக்கும்போது கூடத்தில் ஏன் மூட்டை? யுஎம்பிபிசிஐ: ஒரு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசிஐ ஸ்லாட் (விரிவாக்க அட்டைகளைச் செருகும் இடம்) உள்ள பழைய பென்டியம் போர்டு, அதில் நிஜமான டாஸ் (கட்டளை தட்டி ஓட்டும் பழைய இயங்குதளம்), ஓட்டிப் பார்க்கப் பழைய விளையாட்டுகள், இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் டாஸ் நிரல்களுக்கு நினைவகத்தில் கூடுதல் இடம் பிடித்துத் தரும் யுஎம்பிபிசிஐ என்கிற இந்தச் சின்ன டிரைவரை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். ஊவே சீபர் என்ற ஜெர்மானியர் எழுதி இலவசமாகத் தருகிறார். ஒரு மாதமாக என் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது, இனி எடுக்கிற எண்ணம் இல்லை. ஆனால் எல்லாக் கணினிக்கும் எல்லா விளையாட்டுக்கும் இது ஒத்துவராது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது பென்டியம் 133, இன்டெல் 430விஎக்ஸ் சிப்செட் (செயலியையும் ராமையும் இணைக்கும் சிப்கள்), 32 எம்பி ராம், சவுண்ட் பிளாஸ்டர் 16, ஒரு ஐடிஇ சிடி டிரைவ், எம்எஸ்-டாஸ் 6.22. அந்தக் காலத்துக் கணக்கில் 32 எம்பி என்பது தாராளம். அப்படியிருந்தும் விளையாட்டைத் தட்டினால் நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பழைய கணினி வாங்குகிற புதியவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான், ராம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறு ராம் வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ராமில் ஒரு குறையும் இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள், ஆக மொத்தம் 1 எம்பிதான் அதன் கண்ணுக்குத் தெரியும். அந்த 1 எம்பியை ஐபிஎம் பாகம் பிரித்தபோது கீழே உள்ள 640 கேபி நிரல்களுக்கு என்றும், மேலே உள்ள 384 கேபி திரை அட்டை, பயாஸ் (கணினியைத் துவக்கும், போர்டிலேயே உள்ள நிரல்), மற்ற அட்டைகளுக்கு என்றும் ஒதுக்கிவிட்டது. பின்னால் 286, 386, பென்டியம் என்று எது வந்தாலும் டாஸும் டாஸ் நிரல்களும் அந்தப் பாகப்பிரிவினையை நம்பி எழுதப்பட்டவை என்பதால் அது அப்படியே நின்றுபோனது. 32 எம்பியில் பெரும்பங்கு 1 எம்பிக்கு மேலே கிடக்கிறது, சாதாரண டாஸ் நிரலுக்கு அது நேரடியாக எட்டாது. கீழே உள்ள 640க்குள் டாஸ், கட்டளைகளை வாங்கும் கமாண்ட்.காம், சிடி டிரைவர், மவுஸ் டிரைவர் எல்லாம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், மிச்சம் இருப்பதுதான் விளையாட்டுக்கு.

நான் தொடங்கியபோது, நினைவகக் கணக்கைக் காட்டும் மெம் கட்டளையை /சி போட்டு ஓட்டிப் பார்த்ததில் டாஸ் 17 கேபி, கமாண்ட்.காம் 3, ஹைமெம் (1 எம்பிக்கு மேலே உள்ள ராமை ஆளும் டிரைவர்) 1, ஓக் சிடிராம் டிரைவர் 36, எம்எஸ்சிடிஎக்ஸ் (சிடிக்கு டிரைவ் எழுத்து தருவது) 28, மவுஸ் 17, ஸ்மார்ட்டிரைவ் (வட்டு கேஷ்) 29, டாஸ்கீ (தட்டிய கட்டளைகளை நினைவில் வைப்பது) 4 என்று வரிசையாக நின்றது. 640இல் போனது 135, மிச்சம் 505. ஹைமெம் போட்டு, டாஸை ஹெச்எம்ஏ பகுதிக்கு ஏற்கெனவே ஏற்றியிருந்தேன் என்பதால்தான் டாஸ் 17 கேபியோடு நின்றது, அதைச் செய்யாவிட்டால் இன்னும் சுமார் 45 கேபி போயிருக்கும். அதனால் டாஸ் துவங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம் வரியும் டாஸ்=ஹை வரியும் இல்லாதவர்கள் வேறு எதையும் தேடுவதற்கு முன்னால் அவற்றைப் போடுங்கள். ஹெச்எம்ஏ என்பது 1 எம்பியைத் தாண்டி உள்ள முதல் 65,520 பைட், 286இலிருந்து எல்லாக் கணினியிலும் டாஸால் தொட முடிகிற இடம், டாஸின் பெரும்பகுதி அதற்குள் போய் உட்கார்ந்துவிடும்.

சரி, அந்த 505ஐ எப்படி ஏற்றுவது? இங்கேதான் பரண் வருகிறது. 384 கேபி ஒதுக்கினார்களே, அதில் முழுவதும் பயன்படுவதில்லை. பதினாறடிமான எண்ணில் சொல்லும் முகவரிகளில், ஏ000 முதல் பி வரிசை முடிய திரை அட்டைக்கு, சி000இலிருந்து 32 கேபி விஜிஏ பயாஸுக்கு, எஃப்000இலிருந்து 64 கேபி கணினியின் பயாஸுக்கு. நடுவில் சி800 முதல் டி வரிசை முடிய உள்ள 96 கேபி பெரும்பாலான கணினிகளில் சும்மா கிடக்கிறது. வீட்டில் பரண் காலியாக இருக்க, மூட்டையை எல்லாம் கூடத்தில் அடுக்கிவிட்டு உட்கார இடமில்லை என்று சொல்கிற கதைதான் இது.

அந்தப் பரணில் ஏற மைக்ரோசாப்ட் கொடுத்த ஏணி இஎம்எம்386. 1991இல் எம்எஸ்-டாஸ் 5.0 உடன் இந்த வசதி வந்தது. 386 செயலியின் பேஜிங் வசதியை வைத்து, மேலே எங்கோ உள்ள ராமை எடுத்து இந்தக் காலி முகவரிகளில் இருப்பது போலக் காட்டும். வேலை நன்றாகவே செய்யும். ஆனால் அதற்காகச் செயலியையே வேறொரு நிலைக்கு, விர்ச்சுவல் 8086 என்று சொல்கிற நிலைக்கு, மாற்றிவிடும். அதன் பிறகு டாஸும் விளையாட்டும் எல்லாம் அந்த நிலைக்குள்ளேதான் ஓடியாக வேண்டும். செயலியைத் தன் கைக்குள் முழுசாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதப்பட்ட நிரல்கள் இதற்கு ஒத்துக்கொள்ளாது. 1992இல் வந்த அல்டிமா 7 பெயர்பெற்ற உதாரணம், அது தனக்கென்று ஒரு நினைவக மேலாளரோடு வந்தது, இஎம்எம்386 இருந்தால் தொடங்கவே தொடங்காது. அதே நேரத்தில் அது கீழ் நினைவகமும் நிறையக் கேட்கும். பரணில் ஏற இஎம்எம்386 வேண்டும், விளையாட இஎம்எம்386 இருக்கக் கூடாது. இதற்காகவே அந்தக் காலத்தில் விளையாட்டுக்கு ஒரு பூட் பிளாப்பி என்று தனித்தனியாகச் செய்து வைத்துக்கொண்டார்கள்.

யுஎம்பிபிசிஐ எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் அது இந்த முடிச்சை அவிழ்க்கும் விதம். பேஜிங் பக்கமே அது போவதில்லை. நேரே சிப்செட்டிடம் பேசுகிறது. பயாஸ் இருக்கும் ரோம் சிப், அதாவது ரீட் ஒன்லி சிப், மெதுவானது என்பதால் அதில் உள்ளதை வேகமான ராமுக்கு நகல் எடுத்து அதே முகவரியில் வைத்துக்கொள்ளும் ஷேடோ வசதி அந்தக் காலத்து போர்டுகளில் உண்டு, பயாஸ் அமைப்புத் திரையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்காக 640 கேபிக்கும் 1 எம்பிக்கும் நடுவில் நிஜமான ராமே இருக்கிறது. 430விஎக்ஸ் போன்ற இன்டெல் சிப்செட்டுகளில் சி000 முதல் இ வரிசை வரை 16 கேபி துண்டுகளாக ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சுவிட்ச் மாதிரி, படிக்க மட்டும், படிக்கவும் எழுதவும், மூடி வை, இப்படி. பயாஸ் பயன்படுத்தாத துண்டுகளைப் படிக்கவும் எழுதவும் திறந்துவிட்டு, இந்தாருங்கள் இடம் என்று டாஸிடம் கொடுத்துவிடுகிறது யுஎம்பிபிசிஐ. அவ்வளவுதான் அதன் வேலை. செயலியின் நிலை மாறுவதில்லை. தனக்கென்று அது எடுத்துக்கொள்ளும் இடம் 1 கேபிகூட இல்லை.

நிறுவுவது எளிது. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் முதலில் ஹைமெம் வரி, அடுத்த வரியில் யுஎம்பிபிசிஐ, அப்புறம் டாஸ்=ஹை,யுஎம்பி (யுஎம்பி என்பது அந்தப் பரண் இடம்). அதற்குக் கீழே வரும் டிரைவர்களுக்கு டிவைஸ் என்பதை டிவைஸ்ஹை ஆக்க வேண்டும், ஆட்டோஎக்ஸிக்.பேட் கோப்பில் உள்ளவற்றுக்கு முன்னால் லோட்ஹை சேர்க்க வேண்டும். கணினி துவங்கும்போது சிப்செட்டை அடையாளம் கண்டு, எந்த முகவரியிலிருந்து எது வரை இடம் கிடைத்தது என்று திரையில் காட்டும்.

முதல் நாள் எனக்கு அது காட்டியதோடு கணினி உறைந்துவிட்டது. மூன்று தடவை ரீசெட் அடித்தும் அதே இடம். எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக ஆமாம், இல்லை சொல்லிக்கொண்டே போனதில் நெட்வொர்க் அட்டையின் டிரைவரைத் தவிர்த்தால் கணினி எழுந்துவிடுவது தெரிந்தது. இரண்டாம் கையாக வாங்கிய ஐஎஸ்ஏ (பிசிஐக்கு முந்திய ஸ்லாட் வகை) அட்டை அது, டி000இலிருந்து 16 கேபி அளவுக்குத் தன் சொந்த நினைவகத்தை ஜன்னல் மாதிரி வைத்திருக்கிறது. அந்த முகவரியில் சிப்செட் ராமைத் திறந்துவிட்டதும் அட்டை மறைந்துபோய், டிரைவர் அங்கே தேடித் தேடி நின்றுவிட்டது. காலியா இல்லையா என்று எந்த நினைவக மேலாளரும் முகவரியைப் படித்துப் பார்த்துத்தான் ஊகிக்கிறது, தூங்குகிற அட்டை காலி இடம் போலத்தான் தெரியும். அந்த 16 கேபியை மட்டும் விட்டுவிட்டு, சி800 முதல் சி வரிசை முடிய 32 கேபி, டி400 முதல் டி வரிசை முடிய 48 கேபி என்று நானே குறிப்பிட்டுக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஐஎஸ்ஏ அட்டை எது வைத்திருந்தாலும், ஸ்கஸி, நெட்வொர்க், எதுவானாலும், அதன் ஜம்பர் (முகவரியைத் தேர்ந்தெடுக்கும் சின்னச் செருகி) எந்த முகவரியில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் ஒரு மாலை முழுவதும் போனது எனக்கு.

ஆனால் 80 கேபி பரணில் என் பழைய டிரைவர்கள் எல்லாம் ஏறுமா? 36, 28, 17, 29, 4, கூட்டினால் 114. ஏறாது. பெரும்பாலானவர்கள் இங்கே மாட்டிக்கொண்டு, எதை மேலே ஏற்றுவது எதைக் கீழே விடுவது என்று வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது நான் உறுதியாகச் சொல்வது, மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் அதைச் சின்னதாக்குங்கள். அதே வேலையைச் செய்யும் சிறிய டிரைவர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 17 கேபி மவுஸ் டிரைவருக்குப் பதில் கியூட்மவுஸ் போட்டேன், 3 கேபிதான், பிஎஸ்/2 மவுஸ், சீரியல் மவுஸ் இரண்டையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. 36 கேபி ஓக் டிரைவருக்குப் பதில் வைட்-சிடிடி, 5 கேபி. எம்எஸ்சிடிஎக்ஸ் இருந்த இடத்தில் எஸ்ஹெச்எஸ்யுசிடிஎக்ஸ், 6 கேபி அளவு. விளையாடும்போது ஸ்மார்ட்டிரைவ் எனக்குத் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். டாஸ்கீ 4. மொத்தம் 18 கேபி! 114 எங்கே, 18 எங்கே. நெட்வொர்க் டிரைவரையும் சேர்த்து ஏற்றிய பிறகும் பரணில் பாதிக்கு மேல் காலி.

நினைத்துப் பாருங்கள், இந்தச் சின்ன டிரைவர்களை மட்டும் போட்டு, பரணில் எதையுமே ஏற்றாமல் கீழேயே வைத்தாலும் 600 கேபி கிடைக்கும். பிசிஐ இல்லாததால் யுஎம்பிபிசிஐ பயன்படுத்த முடியாத 486 விஎல்பி போர்டுக்காரர்கள் இந்தப் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும், முக்கால்வாசி விளையாட்டுகளுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

எல்லாம் ஏறிய பிறகு மெம் காட்டிய எண் 618 கேபி. 505இலிருந்து 618. அந்தத் திரையை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அல்டிமா 7. பூட் பிளாப்பி இல்லாமல், மவுஸும் ஒலியும் சிடியும் எல்லாம் இருக்கும்போதே, நேரடியாக ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரே தட்டில் எழுந்து வந்தது. என் பென்டியத்துக்கு அந்த விளையாட்டு ரொம்ப வேகமாக ஓடும், பயாஸில் கேஷை அணைத்தால்தான் நிதானத்துக்கு வருகிறது, அது வேறு விஷயம்.

இதில் ஒரு விநோதமும் உண்டு, எதிர்பாராமல் வந்தால் பயந்துவிடுவீர்கள். கீழே அதிகமாகக் காலி செய்துவிட்டால் சில பழைய நிரல்கள் சுருக்கிய கோப்பு பழுதடைந்துவிட்டது என்ற பொருளில் ஒரு பிழை காட்டி நிற்கும். கோப்பு நன்றாகத்தான் இருக்கும். முதல் 64 கேபிக்குள்ளேயே நிரலை ஏற்றும் அளவுக்கு இடம் கிடைத்துவிட்டதுதான் காரணம். எக்ஸிபேக் என்ற முறையில் சுருக்கப்பட்ட அந்த நிரல்கள், முகவரி 1 எம்பியைத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்துக்கே சுற்றிவரும் என்ற 8088 காலத்துப் பழக்கத்தை நம்பித் தங்களை விரித்துக்கொள்கின்றன, டாஸை ஹெச்எம்ஏவில் ஏற்றிய கணினியில் அந்தச் சுற்று நடக்காது. மைக்ரோசாப்டே இதற்கு மருந்து கொடுத்திருக்கிறது, நிரலின் பெயருக்கு முன்னால் லோட்ஃபிக்ஸ் என்று சேர்த்துத் தட்டினால் 64 கேபிக்கு மேலே ஏற்றிவிடும்.

இனி யுஎம்பிபிசிஐயால் ஆகாதவை. முதலாவது, அது இஎம்எஸ் தராது. 1985இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து வகுத்த, கூடுதல் நினைவகத்தைத் துண்டு துண்டாக மாற்றிக் காட்டும் அந்த எக்ஸ்பாண்டட் நினைவகத்தைக் கேட்கிற விளையாட்டுகள் நிறைய. 1990இல் வந்த விங் கமாண்டர் இஎம்எஸ் இல்லாமலும் ஓடும், ஆனால் இஎம்எஸ் இருந்தால்தான் விமானி அறையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கை அசைவதைப் பார்க்கலாம். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டால் அது இல்லாமல் விளையாட மனம் வராது. இதற்காக எம்எஸ்-டாஸ் 6 தருகிற துவக்க மெனுவில் இரண்டு தேர்வு வைத்திருக்கிறேன், ஒன்றில் யுஎம்பிபிசிஐ, இன்னொன்றில் ஜெம்386. இஎம்எம்386 வேலையையே செய்யும் இலவச மாற்று அது, ஃப்ரீடாஸின் இஎம்எம்386இலிருந்து வளர்ந்தது.

இரண்டாவது, டிஎம்ஏ, அதாவது செயலி வழியாகப் போகாமல் சாதனம் நேரே நினைவகத்தில் எழுதும் முறை. சில சிப்செட்டுகளில் டிஎம்ஏ வழியாக வரும் தரவு இந்த ஷேடோ ராமுக்குள் சரியாகப் போய்ச் சேராது. பிளாப்பி டிரைவ் டிஎம்ஏவில்தான் வேலை செய்கிறது, ஆகவே பிளாப்பியிலிருந்து நேராகப் பரணுக்குள் எழுதும் எந்த நிரலும் கெட்ட தரவைப் பெறலாம். வட்டு கேஷ் நிரல்களைக் கீழேயே விடுவது நல்லது, நான் ஸ்மார்ட்டிரைவை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, பெயரிலேயே இருக்கிறபடி பிசிஐ சிப்செட் வேண்டும், அதுவும் அது அறிந்த சிப்செட்டாக இருக்க வேண்டும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? 1993இல் எம்எஸ்-டாஸ் 6.0 உடன் வந்த மெம்மேக்கர் தொடக்கக்காரருக்கு நல்ல துணை. டிரைவர்களை எந்த வரிசையில் எந்தத் துண்டில் வைத்தால் கீழே அதிகம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, இரண்டு மூன்று தடவை ரீபூட் செய்து, வரிகளைத் தானே திருத்தித் தரும். பிடிக்கவில்லை என்றால் மெம்மேக்கர் /அண்டூ என்று தட்டினால் பழையபடி ஆகிவிடும். ஆனால் துவக்க மெனு வைத்திருப்பவர்களுக்கு அது சரிப்படாது, மேலும் இருக்கிற மூட்டையை அழகாக அடுக்கத்தான் அதற்குத் தெரியும், 17 கேபிக்குப் பதில் 3 கேபி இருக்கிறதே என்று அது சொல்லாது. குவார்ட்டர்டெக்கின் கியூஇஎம்எம் அந்தக் காலத்து ஜாம்பவான். பயாஸையே முகவரியிலிருந்து மறைத்து, அந்த இடத்தையும் பரணாக்கும் ஸ்டெல்த் என்ற உத்தி அதில் உண்டு, டாஸின் சில பகுதிகளைக்கூட மேலே ஏற்றிவிடும், கேபி கணக்கு மட்டும் பார்த்தால் யுஎம்பிபிசிஐயை அது ஜெயித்துவிடும், சந்தேகமில்லை. குவார்ட்டர்டெக்கை 1998இல் சைமன்டெக் வாங்கியது, கியூஇஎம்எம் 97தான் கடைசி. அதுவும் விர்ச்சுவல் 8086 நிலையில்தான் ஓடுகிறது என்பதால் என் அல்டிமா பிரச்சினைக்கு அது தீர்வு ஆகாது. அதுபோக 618க்கும் 630க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கிற விளையாட்டு எதுவும் என்னிடம் இல்லை.

8088 எக்ஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது, அதில் ஹெச்எம்ஏவும் கிடையாது. தனி ராம் அட்டை ஒன்றைச் செருகி அந்தக் காலி முகவரிகளை நிரப்புவதுதான் அங்கே வழி.

கடைசி ஒன்றிரண்டு கேபிக்காகத் துரத்துகிறவர்களுக்குச் சில சில்லறைகள். விண்டோஸ் 3.1 நிறுவும்போது சேர்த்த ஸ்டாக்ஸ் 9,256 என்ற வரியை, விண்டோஸ் ஓட்டாத தேர்வில் 0,0 ஆக்கினால் 2 கேபிக்கு மேல் மிஞ்சும். லாஸ்ட்டிரைவ் இசட் என்று வைத்திருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் 88 பைட் போகிறது, உங்களுக்கு எத்தனை டிரைவ் வேண்டுமோ அதோடு நிறுத்துங்கள். இவற்றை மாற்றும் முன் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸிக்.பேட் இரண்டையும் வேறு பெயரில் நகல் எடுத்துவிட்டு, மெம் /சி காட்டுவதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றி, ரீபூட் செய்து, மறுபடி பாருங்கள். உறைந்துவிட்டால் துவங்கும்போது எஃப்5, இரண்டு கோப்புகளையும் தாண்டி டாஸ் எழுந்துவிடும்.

நெட்வொர்க் அட்டையின் ஜன்னலை டி000இலிருந்து டிசி00க்கு நகர்த்தும் ஜம்பர் அட்டையின் ஓரத்திலேயே இருக்கிறது. நகர்த்தினால் இரண்டாக உடைந்து கிடக்கும் என் பரண் சி800 முதல் ஒரே நீளமாக 80 கேபி ஆகும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேலைதான்.